பழைய அடுப்படியிலேயே புகைபோக்கி அடுப்பு: கட்டுவது ஒரு நாள், காப்பது தினமும்



"இப்போ யாரு வீட்டுல விறகு அடுப்பு எரியுது? எல்லாருக்கும்தான் கேஸ் வந்தாச்சே" என்று சிலர் கேட்கலாம். 2016 மே மாதம் உஜ்வாலா திட்டம் தொடங்கிய பிறகு கேஸ் இணைப்பு இல்லாத வீடுகள் குறைந்துவிட்டன, உண்மைதான். ஆனால் நம் அடுப்படிகளுக்குள் எட்டிப் பார்த்தால் கதை வேறு. காபியும் குழம்பும் கேஸில். சோறு வடிக்க, குளிக்க வெந்நீர் போட, நெல் அவிக்க, மாட்டுக்குக் காய்ச்ச விறகு அடுப்பு. சிலிண்டர் தீர்ந்து அடுத்ததற்குப் பணம் புரளும் வரை எல்லாமே விறகில்தான்.

ஆகவே விறகு அடுப்பை இல்லாதது போல நினைத்து ஒதுக்கிவிட முடியாது. எரிகிற வரைக்கும் அது புகையில்லாமல் எரியணும். இருக்கிற அடுப்பு மேடையை இடித்துப் போடாமல், அதிலேயே புகைபோக்கி வைத்த மூடிய அடுப்பை எப்படி அமைப்பது என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

புகை என்ன செய்கிறது?

"கண்ணு கொஞ்சம் கரிக்கும், பழகிப்போச்சு" என்று நாம் சொல்கிறோம். கண் பழகும், நுரையீரல் பழகாது. விறகு முழுசாக எரியாதபோதுதான் புகை வருகிறது. அந்தப் புகையில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய தூசும், கார்பன் மோனாக்சைடு என்ற வாசனையில்லாத விஷ வாயுவும் இருக்கின்றன. தூசு நுரையீரலின் அடி வரை போய்த் தங்கும். நாள்பட்ட இருமல், மூச்சிரைப்பு, கண்புரை, குழந்தைகளுக்கு நிமோனியா, கர்ப்பிணிகளுக்கு எடை குறைந்த பிரசவம் ஆகியவற்றோடு இந்தப் புகைக்குத் தொடர்பு உண்டு. பீடி, சிகரெட்டைத் தொட்டே பார்க்காத பெண்களுக்கும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வருவதற்கு அடுப்புப் புகை ஒரு முக்கியக் காரணம்.

வீட்டுக்குள் இருக்கும் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் 2,37,000க்கும் மேற்பட்டவர்கள் 5 வயது நிரம்பாத குழந்தைகள். அடுப்பு ஊதும்போது அம்மா இடுப்பில் இருக்கும் குழந்தையும் அதே புகையைத்தான் சுவாசிக்கிறது.

இது புது விஷயம் அல்ல

தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா முன்னின்று நடத்திய அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் வார்தாவில் இயங்கியது. 1940களில் அங்கிருந்து 'மகன் சூலா' என்ற புகைபோக்கி வைத்த மண் அடுப்பு வந்தது. 1950களில் ஐதராபாத்தில் எஸ்.பி. ராஜு என்ற பொறியாளர் புகையில்லாச் சமையலறைக்கு ஒரு மாதிரி வகுத்தார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 'அஸ்த்ரா ஒலெ' அடுப்பு உருவானது. 1980களில் தொடங்கி 2002 வரை மத்திய அரசின் தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டம் நாடு முழுக்க நடந்தது. நம் ஊர்களிலும் மூத்தவர்களுக்கு 'புகையில்லா அடுப்பு' என்றால் நினைவிருக்கும்.

பிறகு ஏன் அவை நிலைக்கவில்லை? ஒடிசாவில் எஸ்தர் டுஃப்லோ (2019இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர்) குழுவினர் 44 கிராமங்களில் சுமார் 2,600 குடும்பங்களை 4 ஆண்டுகள் வரை கவனித்தார்கள். மண்ணால் கட்டிய, புகைபோக்கி வைத்த அடுப்புகள் அங்கே கொடுக்கப்பட்டன. முதல் ஆண்டில் சமைக்கும் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது. அதற்குப் பிறகு குறையவே இல்லை. விரிசலை யாரும் பூசவில்லை, அடுப்பைச் சரியாகப் பராமரிக்கவில்லை, நாளாக நாளாக அதைப் பயன்படுத்துவதும் குறைந்துபோனது. உடல்நலத்திலும் விறகுச் செலவிலும் மாற்றம் தெரியவில்லை.

மத்திய அமெரிக்காவில் குவாத்தமாலா நாட்டில் நடந்த ஆய்வு வேறு மாதிரி முடிந்தது. புகைபோக்கி அடுப்பை முறையாகப் பார்த்துக்கொண்ட வீடுகளில் குழந்தைகள் சுவாசித்த கார்பன் மோனாக்சைடு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. கடுமையான நிமோனியா மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நமக்கு ஒன்று புரியும். அடுப்பு கட்டுவது பாதி வேலைதான். மீதிப் பாதி அதைச் சுத்தமாக வைத்திருப்பது. இதை மறந்துவிட்டுக் கட்டினால் பணமும் போகும், புகையும் போகாது.

கட்டும் முன் பார்க்க வேண்டியவை

1. இடம்: அடுப்பு மேடை வெளிச்சுவரை ஒட்டி இருந்தால் நல்லது. வாசல் காற்று நேராக அடுப்பு வாய்க்குள் அடிக்கக் கூடாது.

2. கூரை: ஓலையா, ஓடா, தகரமா, காங்கிரீட்டா? புகைபோக்கி போகும் வழி இதைப் பொறுத்தது.

3. பாத்திரம்: நீங்கள் தினமும் சமைக்கும் பானையையும் குண்டானையும் எடுத்து வைத்துக்கொண்டுதான் குழியின் அளவை எடுக்கணும். யார் வீட்டுப் பாத்திரத்துக்கோ அளவெடுத்துக் கட்டிய அடுப்பு நம் வீட்டில் புகையும்.

4. உட்காரும் உயரம்: நின்று சமைப்பதா, உட்கார்ந்து சமைப்பதா என்பதைச் சமைப்பவரே சொல்லணும். கொத்தனார் முடிவு செய்யக் கூடாது.

5. ஜன்னல்: புகைபோக்கி வந்தாலும் ஜன்னல் வேணும். அதை அடைத்துவிடாதீர்கள்.

அடுப்பின் உள்ளே என்ன நடக்கிறது?

திறந்த அடுப்பில் விறகு தரும் வெப்பம் 100 பங்கு என்றால், பாத்திரத்துக்குப் போய்ச் சேருவது 10 முதல் 15 பங்குதான். மற்றதெல்லாம் பக்கவாட்டில் போய்விடும். மூடிய அடுப்பில் தீ ஒரு அறைக்குள் எரிகிறது. சூடான காற்று லேசாகி மேலே ஏறும் இல்லையா, அது புகைபோக்கி வழியாக ஏறும்போது அடுப்பு வாயிலிருந்து புதுக் காற்றை உள்ளே இழுக்கும். இந்த இழுப்புதான் எல்லாம். இழுப்பு இருந்தால் ஊதுகுழலுக்கு வேலை இல்லை. இழுப்பு இல்லாவிட்டால் புகை நம் முகத்துக்குத்தான் வரும்.

நம் பழைய மண் அடுப்பில் பானையைத் தாங்க மூன்று குமிழ் வைத்திருப்போம். குமிழுக்கு நடுவில் உள்ள இடைவெளி வழியாகப் புகை வெளியேறும். புகைபோக்கி அடுப்பில் குமிழ் கூடாது. பானை குழியில் இடைவெளி இல்லாமல் உட்காரணும். கொடி அடுப்பு, அதாவது இரண்டாவது குழி, சும்மா இருக்கும்போது அதன்மேல் ஒரு தண்ணீர்ப் பாத்திரமாவது இருக்கணும். திறந்து போட்டால் புகைபோக்கி இருந்தும் பயனில்லை.

அடுப்பைக் கட்டும் முறை

பழைய மேடையில் தளர்ந்த மண்ணைச் சுரண்டி, தண்ணீர் தெளித்து ஈரப்படுத்துங்கள். களிமண், மணல், பொடியாக நறுக்கிய வைக்கோல் அல்லது உமி, கொஞ்சம் சாணம் சேர்த்து மிதித்துப் பிசையுங்கள். ஊருக்கு ஊர் மண் வேறு என்பதால் அளவை இப்படிச் சோதிக்கலாம். ஒரு உருண்டை பிடித்துக் காய வையுங்கள். வெடித்தால் மணல் கூட்டணும். கையில் உதிர்ந்தால் களிமண் கூட்டணும். பிசைந்த மண்ணை ஒரு இரவு மூடி வைத்தால் நன்றாகப் பதமாகும்.

தீ அறையைச் செங்கல்லும் மண்ணும் வைத்துக் கட்டலாம். விறகு நுழையும் வாய் சுமார் 6 அங்குல அகலம், 6 அங்குல உயரம் போதும். வாய் பெரிசானால் விறகு அதிகம் திணிப்போம், புகையும் அதிகமாகும். அடியில் இரும்புக் கம்பித் தட்டு வைத்து, அதன் கீழே சாம்பல் விழ இடம் விடுங்கள். தட்டின் கீழிருந்து வரும் காற்றுதான் விறகை நன்றாக எரிய வைக்கும். தட்டுக்கும் பானை அடிக்கும் நடுவில் 6 அங்குலம் இருக்கட்டும்.

தீ அறையிலிருந்து இரண்டாவது குழிக்கு 4 அங்குல வழி விடுங்கள். இரண்டாவது குழியின் அடியில் மண்ணால் ஒரு மேடு எழுப்பணும். மேட்டுக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் 2 அங்குலம் இருந்தால் போதும். தீயும் சூடும் இந்த மேட்டில் ஏறிப் பாத்திரத்தைத் தொட்ட பிறகுதான் புகைபோக்கிக்குப் போகும். மேடு இல்லாவிட்டால் சூடு நேராக வெளியே ஓடிவிடும்.

புகைபோக்கிதான் உயிர்

உள் அகலம் 4 அங்குலம் உள்ள குழாய் ஒரு வீட்டு அடுப்புக்குச் சரியாக இருக்கும். அடுப்பை ஒட்டிய முதல் 3 அடிக்குச் சுட்ட மண் குழாயோ கனமான இரும்புக் குழாயோ வையுங்கள். அதற்கு மேல் ஜி.ஐ. தகட்டுக் குழாய் போடலாம். "மிச்சம் இருக்கு" என்று பிவிசி பைப்பை வைக்கவே கூடாது. உருகும், தீப்பிடிக்கும், விஷப் புகையும் வரும். ஆஸ்பெஸ்டாஸ் பைப்பும் வேண்டாம். அதை அறுக்கும்போது பறக்கும் தூசு புற்றுநோய் தரக்கூடியது. பழைய அடுப்பில் அந்தப் பைப் ஏற்கெனவே இருந்தால் அறுக்காமல், உடைக்காமல், முழுசாகக் கழற்றி எடுங்கள்.

குழாய்களைச் சேர்க்கும்போது மேல் குழாயின் நுனி கீழ்க் குழாய்க்குள் நுழையணும். மாற்றிச் செருகினால் உள்ளே வடியும் கரித்தண்ணீர் இடுக்கு வழியாகச் சுவரில் ஒழுகும்.

கூரையைத் தாண்டிக் குறைந்தது 3 அடி உயரணும். சுற்றி 10 அடிக்குள் இருக்கும் முகடு, மாடிச்சுவர் போன்றவற்றைவிட 2 அடி உயரமாக இருக்கணும். குட்டையாக இருந்தால் காற்று புகையைத் திருப்பிக் கீழே அனுப்பும். உச்சியில் மழைத் தொப்பி வையுங்கள். தொப்பிக்கும் குழாய்க்கும் நடுவே புகை போகத் தாராளமாக இடம் விடணும்.

ஓலைக் கூரை வீடு: இங்கேதான் அதிக எச்சரிக்கை. குழாயை ஓலை வழியாக விடக் கூடாது. சுவர் வழியாக வெளியே எடுத்து, கூரை இறவாரத்தைத் தாண்டி மேலே கொண்டுபோங்கள். சூடான குழாய்க்கும் ஓலை, மரச்சட்டம் போன்ற எரியும் பொருளுக்கும் நடுவில் 18 அங்குலம் இருக்கணும். படுக்கை வாட்டத்தில் குழாய் நீளமாகப் போகக் கூடாது. கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்ந்து போகட்டும். வெளியே திரும்பும் இடத்தில் 'டி' இணைப்பு வைத்து, அடியில் கழற்றும் மூடி போட்டால் கரியை அதன் வழியே எடுக்கலாம். உச்சியில் பொறி பறக்காமல் கம்பி வலையும் வேணும்.

ஓட்டு வீடு, தகர வீடு: குழாய் போகும் இடத்தில் ஒரு ஓட்டை எடுத்துவிட்டுத் தகடு பதித்து, நடுவில் வட்டம் வெட்டி விடலாம். மரச்சட்டத்துக்கு அருகே போகாதபடி பாருங்கள்.

காங்கிரீட் வீடு: தளத்தைத் துளைத்தால் மழைத் தண்ணீர் இறங்கும். சுவர் வழியாக வெளியே எடுப்பதே மேல்.

ஏற்கெனவே புகைக்கூண்டு இருக்கும் வீடுகள்

பழைய காலத்து வீடுகளிலும், மலைப் பகுதி வீடுகளிலும் அடுப்புக்கு மேலே செங்கல் புகைக்கூண்டு இருக்கும். "அதான் கூண்டு இருக்கே, அடியில் புது அடுப்பை வைத்தால் போதும்" என்று தோன்றும். போதாது. அந்தக் கூண்டு திறந்த அடுப்புக்காகக் கட்டியது, மிக அகலமானது. மூடிய அடுப்பிலிருந்து வரும் குறைந்த புகை அந்த அகலத்தில் பரவி ஆறிப்போகும். ஆறிய புகை ஏறாது, சுவரில் பிசுபிசுப்பான கரியாகப் படியும்.

இதற்கு வழி, கூண்டுக்குள் 4 அங்குலக் குழாயை அடியிலிருந்து உச்சி வரை இறக்குவது. முதலில் கூண்டைத் துடைத்து, குருவிக் கூடு, குளவிக் கூடு, உதிர்ந்த செங்கல் எல்லாம் எடுக்கணும். பகலில் கீழிருந்து பார்த்தால் வானம் தெரியணும். பக்கவாட்டில் வெளிச்சம் தெரிந்தால் விரிசல் இருக்கிறது, பூச வேண்டும். குழாயை இறக்கிய பின் கூண்டின் அடியில் குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியைத் தகடு வைத்துக் களிமண்ணால் அடையுங்கள். உச்சியிலும் தகடு மூடி வையுங்கள். அடைக்காமல் விட்டால் வீட்டுக் காற்று அந்த இடைவெளி வழியே போகும், அடுப்பு இழுக்காது. ஒரு குழாய்க்கு ஒரு அடுப்புதான். இரண்டு அடுப்பை ஒரே குழாயில் சேர்க்க வேண்டாம்.

முதல் தீ

கட்டி முடித்ததும் பொங்கல் வைக்க ஆசையாகத்தான் இருக்கும். பொறுங்கள். 2 வாரம் நிழலில் காயட்டும். விழும் விரிசலை ஈரத் துணியால் துடைத்துப் பூசுங்கள். பிறகு 3 நாள் சுள்ளி வைத்துச் சின்னத் தீ மூட்டுங்கள். அதற்குப் பிறகுதான் பெரிய சமையல்.

இழுப்பு இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஊதுபத்தி போதும். அடுப்பு சூடானதும் ஊதுபத்தியை அடுப்பு வாயில் காட்டுங்கள். புகை உள்ளே போனால் சரி. வெளியே வந்தால் குழாயில் அடைப்போ, உயரக் குறைவோ, பானை இடுக்கோ இருக்கிறது. குளிர்ந்து கிடக்கும் அடுப்பில் முதலில் ஒரு காகிதத்தைப் பற்றவைத்துக் குழாயைச் சூடாக்கினால் இழுப்பு சீக்கிரம் பிடிக்கும்.

விறகு நன்றாகக் காய்ந்திருக்கணும். எரியும்போது நுனியில் நுரை தள்ளி 'உஸ்' என்று சத்தம் வந்தால் அது ஈர விறகு. சீமைக் கருவேலமோ தென்னை மட்டையோ எதுவானாலும் மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து, மழை படாத இடத்தில் அடுக்குங்கள். ஒரேயடியாகத் திணிக்காமல் இரண்டு மூன்றாக வையுங்கள். பற்றவைக்க பிளாஸ்டிக் பை, பால் கவர் போடுவதை இன்றோடு விடுவோம். அது விஷம்.

பராமரிப்பு: சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்

தினமும்: சாம்பல் எடுப்பது. தட்டின் அடியில் காற்று போக வழி இருக்கணும்.

வாரம் ஒரு முறை: விரிசல் பார்த்து மண் பூசுவது. இரண்டாவது குழியின் அடியில் சேர்ந்த கரியை எடுப்பது.

மாதம் ஒரு முறை: அடுப்பு ஆறிய பிறகு குழாயைச் சுத்தம் செய்வது. மூங்கில் கழியில் தேங்காய் நாரோ பழந்துணியோ கட்டி மேலும் கீழும் இழுத்தால் போதும். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். கூரை மேல் ஏறும் வேலையைத் தனியாகச் செய்ய வேண்டாம். குழாய் சுவர் வழியாக வெளியே போகும் வீட்டில் கரி சீக்கிரம் படியும், அங்கே 15 நாளுக்கு ஒரு முறை செய்யணும்.

வருடம் ஒரு முறை: மழைக்கு முன் தொப்பி, இணைப்பு, சுவர்த் துளை எல்லாம் பார்ப்பது.

படிந்த கரி சில சமயம் குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கும். 'கும்' என்று இரைச்சல் கேட்கும். அப்போது அடுப்பு வாயைத் தகட்டால் மூடுங்கள், தீயின் மேல் மணல் போடுங்கள், எல்லோரும் வெளியே வாருங்கள், 101க்கோ 112க்கோ போன் செய்யுங்கள். சூடான அடுப்பில் தண்ணீர் ஊற்றினால் வெடிக்கும்.

குளிருக்காகக் கரி அடுப்பைப் படுக்கை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கவே கூடாது. கரியில் புகை தெரியாது, ஆனால் கார்பன் மோனாக்சைடு வரும். தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

கேஸ் இருந்தால்?

கேஸ்தான் சுத்தம். புகைபோக்கி வைத்த விறகு அடுப்பு அதற்கு ஈடாகாது. புகை வீட்டை விட்டு வெளியே போகிறதே தவிர இல்லாமல் போவதில்லை. ஆகவே கர்ப்பிணியும் கைக்குழந்தையும் இருக்கும் வீட்டில் முடிந்தவரை கேஸில் சமையுங்கள். விறகு எரித்தே ஆகவேண்டிய வேலைக்குப் புகைபோக்கி அடுப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

குழுவாகச் சேர்ந்தால் எளிது

ஒருவர் தனியாகக் குழாய் வாங்கினால் விலை கூடும். ஒரு குழுவில் பத்துப் பேர் சேர்ந்து இரண்டு மூன்று கடைகளில் கொட்டேஷன் கேட்டு வாங்கலாம். தேவைப்படுபவர்களுக்கு உள்கடன் கொடுக்கலாம். ஒவ்வொரு குழுவிலும் இரண்டு உறுப்பினர்கள் அடுப்பு கட்டவும் குழாய் துடைக்கவும் பழகிக்கொண்டால் அதற்குக் கூலியும் வரும், ஊருக்கு உதவியும் ஆகும்.

இன்னொன்று. முதலில் ஒரே ஒரு வீட்டில் கட்டி, ஒரு மாதம் எரித்துப் பார்த்து, அந்த வீட்டுச் சகோதரியின் வாயால் நிறை குறை கேட்டுவிட்டுப் பிறகு மற்ற வீடுகளில் கட்டுங்கள். கட்டிய வீடுகளை மாதக் கூட்டத்தில் ஒருவர் பெயர் சொல்லிக் கேட்கணும்: "இந்த மாசம் குழாய் துடைச்சாச்சா?" சேமிப்பையும் தவணையையும் எழுதுகிற நோட்டிலேயே இதற்கும் ஒரு கட்டம் போடுங்கள். ஒடிசாவில் விட்டுப்போனது இதுதான். நாள் தவறாமல் தவணை கட்டத் தெரிந்த நமக்கு இது முடியாத காரியமா?

அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துப் பேசுங்கள். எந்த வீட்டில் முதல் அடுப்பு, யார் இரண்டு பேர் பழகுவது என்று தீர்மான நோட்டில் எழுதி, கூட்டமைப்புக்குத் தெரியப்படுத்துங்கள்.